பரிணாமமும் ஆதியாகமமும்: எந்தச் சபைக்கு எந்த இடத்தில் இடிக்கிறது?

கேள்வி இதுதான். மனிதன் முந்தைய உயிரினங்களிலிருந்து படிப்படியாக வந்தவன் என்கிறது உயிரியல். கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து, மண்ணால் மனிதனை உருவாக்கினார் என்கிறது வேதாகமம். இரண்டையும் ஒரே ஆள் எப்படி ஏற்க முடியும்? கிறிஸ்தவச் சபைகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?

எல்லாச் சபைகளுக்கும் பொதுவான பதில் கிடையாது. மனித உடல் பரிணாமத்தில் வந்தது என்று நம்பக் கத்தோலிக்கத் திருச்சபை தடை சொல்வதில்லை. ஆன்மாவைப் பற்றி மட்டும் உறுதியான நிபந்தனை வைக்கிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளிலும், அமெரிக்காவின் பெரிய பிரெஸ்பிட்டேரியன் சபையிலும் பரிணாமத்துக்கும் விசுவாசத்துக்கும் முரண்பாடு இல்லை என்ற நிலையே ஓங்கியிருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இது பற்றி ஒரே குரல் இல்லை. அமெரிக்காவின் பழமைவாத லுத்தரன் சபையான மிசூரி சினாட், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைகளும், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பகுதியும் பரிணாமத்தை மறுக்கின்றன.

ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது. ஏற்கும் சபைகள் அறிவியல் படித்தவை, மறுக்கும் சபைகள் படிக்காதவை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஒரு சபையின் எந்தக் கோட்பாடு ஆதியாகமத்தின் எந்த வசனத்தின்மேல் நிற்கிறது என்று பாருங்கள். அந்தச் சபைக்குப் பரிணாமம் எங்கே இடிக்கும், எங்கே இடிக்காது என்பது உடனே தெரிந்துவிடும். இடிக்கக்கூடிய இடங்கள் மூன்று: ஆறு நாட்கள், ஆதாம், மரணம். அதிகச் சத்தம் முதலாவதில். உண்மையான கனம் மற்ற இரண்டில்.

அதற்கு முன் ஒரு தெளிவு வேண்டும். பரிணாமம் என்ற பெயரில் நான்கு தனித்தனிக் கூற்றுகள் சேர்ந்தே வருகின்றன. பூமிக்குச் சுமார் 454 கோடி வயது என்பது முதல் கூற்று. உயிர்கள் அனைத்தும் பொது மூதாதையரிடமிருந்து கிளைத்தவை என்பது இரண்டாவது. அந்தக் கிளைப்பை மரபணு மாற்றமும் இயற்கைத் தேர்வும் நடத்துகின்றன என்பது மூன்றாவது. ஆகவே இதற்குப் பின்னால் எந்த நோக்கமும் இல்லை என்பது நான்காவது. முதல் மூன்றும் சான்றுகளால் சோதிக்கக்கூடியவை. நான்காவது மெய்யியல், அதை எந்த ஆய்வுக்கூடத்திலும் சோதிக்க முடியாது. பிரின்ஸ்டனைச் சேர்ந்த பிரெஸ்பிட்டேரியன் இறையியலாளர் சார்லஸ் ஹாட்ஜ் 1874-இல் டார்வினியம் என்பது நாத்திகமே என்று எழுதியபோது அவருடைய இலக்கு இந்த நான்காவது கூற்றுதான். அதே காலத்தில் ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரே, டார்வினின் நெருங்கிய துணைவராகவும் பக்தியுள்ள கிறிஸ்தவராகவும் இருந்து, முதல் மூன்றையும் ஏற்று நான்காவதை மட்டும் மறுத்தார். ஒரு சபையின் அறிக்கையைப் படிக்கும்போது அது நான்கில் எதை மறுக்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். பாதிச் சண்டை கரைந்துவிடும்.

இனி ஆறு நாட்கள். முதல் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் ஒரு கட்டமைப்பு கண்ணில் படும். முதல் நாள் வெளிச்சமும் இருளும் பிரிகின்றன; நான்காம் நாள் சூரியனும் சந்திரனும் வருகின்றன. இரண்டாம் நாள் வானமும் நீரும். ஐந்தாம் நாள் பறவைகளும் மீன்களும். மூன்றாம் நாள் வெட்டாந்தரை. ஆறாம் நாள் தரை விலங்குகளும் மனிதனும். முதல் மூன்று நாளில் இடங்கள் உருவாகின்றன, அடுத்த மூன்று நாளில் அந்தந்த இடத்தை நிரப்புபவை வருகின்றன. இது கால வரிசையைச் சொல்லும் குறிப்பேடா, அல்லது அனைத்தும் ஒரே கடவுளின் ஒழுங்கில் நிற்கின்றன என்று அறிக்கையிடும் வடிவமா? இரண்டாவது என்று சொல்பவர்கள் இரண்டாம் அதிகாரத்தையும் காட்டுவார்கள். அங்கே வயல்வெளிச் செடிகள் முளைக்கும் முன்பே மனிதன் வந்துவிடுகிறான். விலங்குகள் அவனுக்குப் பின் வருகின்றன. இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்தவருக்கு வரிசை முக்கியமாக இருந்திருந்தால் இந்த வேறுபாட்டை விட்டுவைத்திருப்பாரா என்பது நியாயமான கேள்வி.

இது டார்வினுக்குப் பயந்து பின்னால் கண்டுபிடித்த விளக்கமும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் ஓரிகன், சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாட்களும் மாலையும் காலையும் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டார். அகுஸ்தீன் (354–430) கடவுள் அனைத்தையும் ஒரே கணத்தில் படைத்தார், பல உயிர்கள் விதை வடிவில் இயற்கைக்குள் வைக்கப்பட்டு உரிய காலத்தில் வெளிப்பட்டன என்று விளக்கினார். வானத்தையும் விலங்குகளையும் பற்றி நன்கறிந்த ஒரு அவிசுவாசியிடம், வேதத்தின் பெயரால் ஒரு கிறிஸ்தவர் பிழையாகப் பேசினால் வேதமே கேலிக்குள்ளாகும் என்றும் எச்சரித்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பரிணாமத்தை ஆதரிப்பவர்கள் அகுஸ்தீனைக் கிட்டத்தட்ட டார்வினின் முன்னோடியாக ஆக்கிவிடுகிறார்கள். அது நேர்மையில்லை. அவருடைய விதைகளிலிருந்து அந்தந்த இனமே வெளிவரும். ஒரு இனம் இன்னொன்றாக மாறாது. உலகத்துக்கு 6,000 ஆண்டுகூட ஆகவில்லை என்றே அவரும் எண்ணினார். செசரியாவின் பசீலியார் போன்றவர்கள் நாட்களை நேரடியாகவே வாசித்தார்கள். பழைய திருச்சபையிலிருந்து நாம் பெறக்கூடியது ஒன்று: நாட்களை நேரடியாக வாசிப்பது விசுவாசத்தின் நிபந்தனையாக என்றும் வைக்கப்படவில்லை. அதற்கு மேல் அவர்களிடமிருந்து பிடுங்கக் கூடாது.

நடுவழி தேடியவர்கள் ஒவ்வொரு நாளையும் ஒரு நீண்ட யுகமாக எடுத்தார்கள். கேட்க இதமாக இருக்கும், சோதித்தால் நிற்காது. கனி தரும் மரங்கள் மூன்றாம் நாளில், சூரியன் நான்காம் நாளில், பறவைகள் ஐந்தாம் நாளில், தரை விலங்குகள் ஆறாம் நாளில் என்பது வரிசை. புதைபடிவங்களில் தரை விலங்குகள் பறவைகளுக்கு வெகு முன்பே இருக்கின்றன. பூக்கும் தாவரங்கள் மிகவும் பிந்தி வந்தவை. சூரியனோ பூமிக்கும் மூத்தது. நாளை எவ்வளவு நீட்டினாலும் வரிசை மாறாது. வசனத்திலிருந்து அறிவியலைப் பிழியும் முயற்சிகள் எல்லாமே இப்படித்தான் முடிகின்றன: அறிவியலும் திருப்தியடைவதில்லை, வசனமும் தன் இயல்பை இழக்கிறது.

பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்ற எண்ணம் பழையது. ஆர்ச்பிஷப் அஷர் 1650-இல் படைப்பைக் கி.மு. 4004-இல் வைத்தார். ஆனால் நவீன நிலவியலை எதிர்த்து நிற்கும் இயக்கமாக அது வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1909-இல் வந்து பரவலாக வாசிக்கப்பட்ட ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமம் முதல் இரண்டு வசனங்களுக்கு நடுவில் பெரிய கால இடைவெளிக்கு இடம் கொடுத்தது. பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஆசிரியர் ஒருவர்மீது 1925-இல் டென்னசியில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கில் பரிணாமத்துக்கு எதிராக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்கூட, சாட்சிக் கூண்டில், அந்த நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். பாறை அடுக்குகள் முழுவதையும் நோவாவின் வெள்ளத்தால் விளக்க முயன்றவர் ஜார்ஜ் மக்ரெடி பிரைஸ், அவர் அட்வென்டிஸ்ட். அவருடைய நூல் 1923-இல் வந்தது. அதே கருத்தை 1961-இல் விட்கம், மாரிஸ் இருவரும் எழுதிய நூல் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே வட்டங்களுக்குக் கொண்டுபோனது.

அட்வென்டிஸ்ட் சபைக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம்? ஓய்வுநாள். ஏழாம் நாளை ஆசரிப்பதே அவர்களுடைய அடையாளம். அதன் அடித்தளம் யாத்திராகமம் 20:11. கர்த்தர் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு என்கிறது அந்த வசனம். அந்த வாரம் நிஜ வாரம் இல்லையென்றால் ஓய்வுநாளும் ஆட்டம் காணும். 2015-இல் சான் அன்டோனியோவில் கூடிய அவர்களுடைய பொது மாநாடு ஆறாவது அடிப்படை விசுவாசத்தைத் திருத்தி, படைப்பு அண்மையில் நிகழ்ந்தது, ஆறு நாட்களும் நேர்ப்பொருளில் நாட்களே, அது இன்று நாம் வாரம் என்று சொல்லும் அதே கால அளவு என்று இறுக்கியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பிடிவாதமாகத் தெரியலாம். உள்ளே அதற்கு ஒரு தர்க்கம் இருக்கிறது.

நாட்களைத் தாண்டினால் அடுத்து வருவது கடவுள் எப்படிச் செயல்படுகிறார் என்ற கேள்வி. இங்கே கத்தோலிக்கர் நீண்டகாலமாகப் பயன்படுத்துவது தாமஸ் அக்குவினாஸ் தெளிவுபடுத்திய வேறுபாடு: கடவுள் முதற்காரணம், இயற்கைப் பொருட்கள் இரண்டாம் நிலைக் காரணங்கள். இரண்டும் ஒரே தளத்தில் போட்டியிடுவதில்லை. கப்பல் கட்டுபவன் மரத்துண்டுகளுக்கே கப்பலாகச் சேரும் திறனைக் கொடுக்க முடிந்தால் எப்படியோ, இயற்கை அப்படிப்பட்டது என்று அவரே ஓர் உவமை சொல்கிறார். பின்னாளில் கான்டர்பரி ஆர்ச்பிஷப்பான ஃபிரடெரிக் டெம்பிள் 1884-இல் ஆற்றிய உரைகளில் கிட்டத்தட்ட இதையே சொன்னார்: கடவுள் பொருட்களைச் செய்தார் என்பதைவிட, பொருட்கள் தம்மைத் தாமே உருவாக்கிக்கொள்ளும்படி செய்தார். ஆதியாகமம் 1:24-இலும் பூமியே உயிரினங்களைப் பிறப்பிக்கக்கடவது என்றுதான் கட்டளை வருகிறது. பரிணாமத்துக்கு இது ஆதாரம் ஆகாது. ஆனால் கடவுள் கட்டளையிட்டார், பூமி பிறப்பித்தது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் அந்த ஆசிரியருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

மரபணு மாற்றங்கள் தற்செயலானவையாயிற்றே, தற்செயலுக்குள் திட்டம் எப்படி இருக்கும்? உயிரியலில் தற்செயல் என்றால், ஒரு மாற்றம் அந்த உயிரியின் தேவையைப் பார்த்து வருவதில்லை என்று பொருள். காரணமே இல்லாதது, கடவுள் அறியாதது என்று பொருள் கிடையாது. நீதிமொழிகள் 16:33 சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும் என்கிறது. வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு 2004-இல் வெளியிட்ட ஆவணமும் இதே வழியில், உண்மையிலேயே தற்செயலான இயற்கை நிகழ்வும் கடவுளின் பராமரிப்புத் திட்டத்துக்குள் அடங்கலாம் என்கிறது. உயிர்கள் அனைத்துக்கும் பொது மூதாதை உண்டு என்பதையும் ஏறக்குறைய உறுதியானதாக எடுத்துக்கொள்கிறது. மறு ஆண்டே கர்தினால் ஷோன்போர்ன், பொது மூதாதை உண்மையாக இருக்கலாம், வழிநடத்துதலற்ற, திட்டமற்ற செயல்முறை என்பது உண்மையாகாது என்று நியூயார்க் டைம்ஸில் எழுதியபோது பெரிய சலசலப்பு எழுந்தது. கூர்ந்து பார்த்தால் அவர் எதிர்த்ததும் மேலே சொன்ன நான்காவது கூற்றைத்தான்.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, அறிவியல் இன்னும் விளக்காத இடைவெளியில் கடவுளை வைப்பது. பாக்டீரியாவின் வால் இழை தானாக வந்திருக்க முடியாது, ஆகவே வடிவமைப்பாளர் உண்டு என்ற வாதம் அந்த வகை. நாளை விளக்கம் கிடைத்தால் கடவுள் இன்னொரு இடைவெளிக்கு ஓட வேண்டியிருக்கும். ஆங்கிலிக்கன் இறையியலாளர் ஆப்ரி மூர் 1889-இலேயே இதன் ஆபத்தைக் கண்டார். எப்போதாவது குறுக்கிடும் கடவுள் என்றால், மற்ற நேரமெல்லாம் அவர் இல்லை என்றாகிவிடும். இயற்கை முழுவதிலும் இருக்கிறார் அல்லது எங்கும் இல்லை என்பது அவர் வாதம். 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில், இந்த வடிவமைப்பாளர் வாதத்துக்கு, அதாவது நுண்ணறிவு வடிவமைப்பு வாதத்துக்கு, எதிராகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று, மனிதனின் இரண்டாம் குரோமோசோம். நமக்கு 46 குரோமோசோம்கள், மனிதக் குரங்குகளுக்கு 48. நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவில், வழக்கமாக முனைகளில் மட்டும் இருக்கவேண்டிய வரிசை இருக்கிறது. ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்கவேண்டிய மையப்பகுதியில் (சென்ட்ரோமியர்) செயலிழந்த இரண்டாவதின் எச்சமும் இருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு அது. பொது மூதாதையை மறுப்பவர் இந்தத் தழும்பு ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

இனிதான் உண்மையான முடிச்சு: ஆதாம்.

ரோமர் 5:12 ஒரே மனுஷனாலே பாவமும், பாவத்தினாலே மரணமும் உலகத்தில் பிரவேசித்ததாகச் சொல்கிறது. பவுல் அந்த ஒருவனுக்கு எதிரே கிறிஸ்துவை நிறுத்துகிறார். மேற்கத்தியக் கிறிஸ்தவம் இதன்மேல்தான், ஆதாமின் பாவம் எல்லாருக்கும் பிறவியிலேயே வந்து சேர்கிறது என்ற ஜென்ம பாவக் கோட்பாட்டைக் கட்டியது. 1546-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து (டிரென்ட்) பொதுச்சங்கம், அந்தப் பாவம் ஆதாமைப் பார்த்துச் செய்வதால் வருவதில்லை, பிறப்பு வழியாகவே கடத்தப்படுகிறது என்று வரையறுத்தது. பிறப்பு வழியாகக் கடத்தப்பட வேண்டுமானால் எல்லாரும் ஆதாமின் வழித்தோன்றல்களாக இருக்க வேண்டும். அப்படியானால் மனிதகுலம் ஒரே இணையிலிருந்து வந்ததா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1950 ஆகஸ்ட் 12-இல் வெளியிட்ட ஹுமானி ஜெனரிஸ் சுற்றுமடலில் இதற்கு அடுத்தடுத்த இரண்டு பத்திகள் உண்டு. 36-ஆம் பத்தி மனித உடல் ஏற்கெனவே இருந்த உயிருள்ள பொருளிலிருந்து வந்ததா என்று ஆராயலாம் என்கிறது. ஆன்மாக்களைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. 37-ஆம் பத்தி வேறு தொனியில் பேசுகிறது. ஆதாமுக்குப் பின் அவரிடமிருந்து பிறக்காத உண்மை மனிதர்கள் இருந்தார்கள் என்றோ, ஆதாம் என்பது பல மூதாதையரைக் குறிக்கும் பெயர் என்றோ விசுவாசிகள் கொள்ளலாகாது. ஏனெனில் அதை ஜென்ம பாவப் போதனையோடு எப்படி இணைப்பது என்பது எவ்விதத்திலும் தெரியவில்லை என்கிறது. தெரியவில்லை என்ற அந்தச் சொல்லாட்சியை இறையியலாளர்கள் கவனமாகப் படித்தார்கள். ஒருபோதும் முடியாது என்று அது சொல்லவில்லை. வழி தெரிந்தால் கதவு திறக்கலாம் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். இரண்டாம் ஜான் பால் 1996 அக்டோபர் 22-இல் பரிணாமக் கோட்பாடு ஒரு கருதுகோளுக்கும் மேலானது என்று அறிவித்தபோது 37-ஆம் பத்தியைத் தொடவில்லை. 1992-இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 390-ஆம் எண், ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம் உருவக மொழியில் பேசினாலும் மனித வரலாற்றின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு செயலையே அறிவிக்கிறது என்கிறது.

ஆன்மா பற்றிய நிபந்தனை அறிவியலோடு மோதுமா? கத்தோலிக்கப் போதனைப்படி ஆதாமின் ஆன்மா மட்டுமல்ல, இன்று கருவாகும் ஒவ்வொரு குழந்தையின் ஆன்மாவும் கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது. கரு வளர்வதைக் கருவியல் முழுமையாக விளக்குவதை அந்தப் போதனை தடுத்ததில்லை. அதே ஏற்பாட்டை ஒரு இனத்தின் வரலாற்றுக்கு விரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மரபியல் என்ன சொல்கிறது? ஒரு இணையால் ஒரு மரபணுவின் அதிகபட்சம் நான்கு வடிவங்களையே சுமக்க முடியும், ஆளுக்கு இரண்டு. நம் நோயெதிர்ப்பு மரபணுக்களிலோ நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன. அவற்றின் சில கிளைகள் சிம்பன்சியோடு பிரிவதற்கு முந்தையவை. இத்தகைய கணக்குகளிலிருந்து, நம் முன்னோர் தொகை நீண்டகாலம் சுமார் 10,000 பேர் அளவில் இருந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கடந்த சில லட்சம் ஆண்டுகளில் அது இரண்டு பேராகச் சுருங்கியதற்கு இடமில்லை. மைட்டோகாண்டிரிய ஏவாள் இருக்கிறாளே என்று சிலர் துள்ளுவார்கள். அவள் அன்று இருந்த ஒரே பெண் கிடையாது. தாய்வழி மட்டுமே செல்லும் ஒரு சிறு டி.என்.ஏ. கிளை போய்ச் சேரும் பெண், அவ்வளவே. அவளோடு வாழ்ந்த மற்ற பெண்களின் மரபணுக்களும் நம்மிடம் இருக்கின்றன. பிரசங்க மேடையில் இதைச் சான்றாகச் சொல்வதை நிறுத்துவது நல்லது. கேட்பவர்களில் ஒரு மரபியல் மாணவர் இருந்தால் அகுஸ்தீனின் எச்சரிக்கை அங்கேயே பலித்துவிடும்.

இதற்கு முன்வைக்கப்படும் தீர்வுகளில் கூர்மையானது வம்சாவளியையும் மரபணுவையும் பிரித்துப் பார்ப்பது. நமக்குப் பெற்றோர் 2, பாட்டன் பாட்டிமார் 4, இப்படியே 30 தலைமுறை போனால் சுமார் 107 கோடி முன்னோர் இடங்கள். அன்று உலகில் அத்தனை பேர் இல்லை. ஆகவே ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், எல்லார் வம்சாவளியும் பின்னிக்கொள்கிறது. 2004-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கணிப்பு, இன்று வாழும் அனைவருக்கும் பொதுவான முன்னோர் ஒருவர் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கலாம் என்று காட்டியது. அப்படியானால் பெரிய மக்கள்தொகைக்கு நடுவே ஒரே இணை இருந்து, காலப்போக்கில் எல்லாரும் அவர்களுடைய வழித்தோன்றல்களாகவும் ஆகலாம். மரபணுவில் அதன் தடயம் தெரிய வேண்டியதில்லை. கத்தோலிக்க மெய்யியலாளர் கென்னத் கெம்ப் 2011-இல் இதைத் திரிதெந்தின் வரையறைக்குப் பொருந்தும்படி எழுதினார்: சில ஆயிரம் பேர் கொண்ட கூட்டத்தில் இருவருக்குக் கடவுள் பகுத்தறிவு ஆன்மாவைத் தந்தார், அவர்களின் சந்ததி மற்றவர்களோடு கலந்தது. 2019-இல் உயிரியலாளர் ஜோசுவா சுவாமிதாஸ் இதே வழியைச் சுவிசேஷச் சபைகளுக்காக விரிவாக்கினார். காயீன் யாருக்குப் பயந்தான், யாரை மணந்தான், யாருக்காக ஊர் கட்டினான் என்ற பழைய கேள்விகளும் இதில் தீர்ந்துவிடுகின்றன.

ஆனால் விலை உண்டு. ஆன்மா உள்ளவர் ஆன்மா இல்லாதவரோடு கலந்தார் என்பது மனதை உறுத்தும். ஆதாமைப் பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய விவசாயியாக வைத்தால், 50,000 ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவில் வாழும் பூர்வகுடிகளின் அன்றைய முன்னோர் யார்? அவர்கள் தேவசாயல் இல்லாதவர்களா? 1655-இல் லா பெய்ரேர் ஆதாமுக்கு முந்தைய மனிதர்களைப் பற்றி எழுதினார்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கருத்து இனவெறிக்குக் கருவியானது. இந்த வழியில் போகிறவர்கள், கடவுளின் சாயல் ஆதாம் வம்சத்துக்கு மட்டும் உரியதன்று என்று முதலிலேயே உறுதி செய்துவிட வேண்டும். சுவிசேஷச் சபை மெய்யியலாளர் வில்லியம் லேன் கிரேக் 2021-இல் ஆதாமை ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால், ஹோமோ ஹைடல்பெர்கென்சிஸ் என்ற பழைய மனித இனத்தின் காலத்துக்குத் தள்ளியதற்கு ஒரு காரணம் இதுதான்: அப்போது எல்லா மனிதரும் உள்ளே வந்துவிடுவார்கள். பதிலுக்கு, நான்காம் அதிகாரத்தின் விவசாயமும் நகரமும் உலோக வேலையும் உருவகமாகிவிடும்.

சீர்திருத்த மரபில், குறிப்பாகப் பிரெஸ்பிட்டேரியன் வட்டத்தில், ஆதாம் முதன்மையாக உடன்படிக்கையின் தலைவர். அவர் செய்தது அவர் பிரதிநிதித்துவம் செய்தவர்களின் கணக்கில் சேர்கிறது. இங்கே இரத்த உறவு கத்தோலிக்கத்தில் போல அத்தனை சுமை தாங்க வேண்டியதில்லை. ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட், ஆதாமை மெய்யான மனிதராக ஏற்றபடியே அவருக்கு முன் மனிதரை ஒத்த உயிரினங்கள் இருந்திருக்கலாம் என்று ஏற்க முடிந்ததும் இதனால்தான். ஆதாம் ஒவ்வொரு மனிதனின் கதை, தனி ஆள் இல்லை என்று எடுப்பவர்களும் மைய நீரோட்டச் சபைகளில் நிறைய உண்டு. அவர்களுக்கு அறிவியல் சிக்கல் ஒன்றுமில்லை. ஆனால் பாவம் எப்போது, எப்படி உலகளாவியதாயிற்று என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். மனிதன் படைக்கப்பட்டபடியே பாவி என்று சொல்லிவிட்டால் பழி படைத்தவர்மேல் விழும். இதைப் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபு ஆதாமின் குற்றம் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதாகப் போதிப்பதில்லை. நாம் சுமப்பது அதன் விளைவுகளை, முக்கியமாக மரணத்தை. ஆகவே திரிதெந்தின் முடிச்சு அவர்களுக்கு இல்லை. உயிரியலில் எதுவும் பரிணாமத்தின் ஒளியில் அல்லாமல் பொருள்படாது என்று 1973-இல் எழுதிய தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் விசுவாசி. ஆனால் செராஃபிம் ரோஸ் போன்ற துறவிகள் அதே மரபிலிருந்து கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுக்கு இடிப்பது மூன்றாவது இடம்: மரணம். ஆதாம் பாவத்தில் விழுந்த வீழ்ச்சிக்கு முன் உலகம் அழிவற்றது என்று பல திருச்சபைத் தந்தையர் எழுதியிருக்கிறார்கள்; பரிணாமமோ கோடிக்கணக்கான ஆண்டு மரணத்தால் நடந்தது.

இதே தடைதான், பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்று சொல்லும் இளம்பூமிக் கொள்கையினருக்கும். ஆதாமுக்கு முன்பே சாவு இருந்தால் சாவு பாவத்தின் சம்பளம் எப்படி ஆகும் என்று அவர்கள் கேட்பது வலுவான கேள்வி. ஏளனம் செய்யக் கூடாது. பதில் சொல்பவர்கள் மூன்று வசனப் பகுதிகளைக் காட்டுவார்கள். ரோமர் 5 எல்லா மனுஷருக்கும் வந்த மரணத்தைப் பேசுகிறது, விலங்குகளைப் பற்றிப் பேசவில்லை. சங்கீதம் 104-இல் சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கர்ச்சித்துத் தேவனிடம் ஆகாரம் தேடுகின்றன. அது சாபமாக அல்ல, துதியாகப் பாடப்படுகிறது. ஆதியாகமம் 3:22-இல் மனிதன் ஜீவவிருட்சத்தின் கனியை உண்டு என்றென்றும் வாழ்ந்துவிடாதபடி வெளியேற்றப்படுகிறான். இயல்பாகவே சாகாதவனுக்கு அந்த மரம் எதற்கு? எதிர்த்தரப்பு 1:30-ஐக் காட்டும்: விலங்குகளுக்கும் பசும்பூண்டே உணவு. இந்த வாதம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

வசனங்களுக்கு அப்பால் வலி இருக்கிறது. கம்பளிப்பூச்சியின் உயிருள்ள உடலைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளை நல்ல கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று 1860-இல் டார்வின் ஏசா கிரேக்கு எழுதினார். இயற்பியலாளராக இருந்து ஆங்கிலிக்கன் குருவான ஜான் போல்கிங்ஹார்ன், தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் சுதந்திரம் பெற்ற உலகில், புதிய உயிர்வடிவங்களைத் தரும் அதே மரபணு மாற்றம் புற்றுநோயையும் தரும், இரண்டையும் பிரிக்க முடியாது என்றார். இறையியலாளர் கிறிஸ்டோஃபர் சவுத்கேட், இத்தகைய அழகும் பன்மையும் தோன்ற இது ஒன்றே வழியாக இருந்திருக்கலாம், ஆனால் பாதிக்கப்பட்ட உயிர்களுக்கும் கடவுளிடம் மீட்பு இருக்க வேண்டும் என்று வாதிடுகிறார். என் பார்வையில், பரிணாமத்தை ஏற்கும் சபைகளின் அதிகாரபூர்வ அறிக்கைகளில் மிகவும் மெலிந்த பகுதி இதுதான். முரண்பாடு இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். குளவியைப் பற்றிப் பேசுவதில்லை.

கடைசியாக, ஒரு சபையின் நிலையை அறிய ஆவணத்தைப் படிப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். யார் வெளியிட்டது, அது யாரைக் கட்டுப்படுத்தும் என்று முதலில் பாருங்கள். சுற்றுமடல், மறைக்கல்வி நூல், திருத்தந்தையின் உரை, ஆலோசனைக் குழு ஆவணம் ஆகியவற்றுக்குக் கத்தோலிக்கத்தில் வெவ்வேறு எடை உண்டு. 2004 ஆவணத்தை 1950 சுற்றுமடலுக்கு இணையாக வைக்க முடியாது. ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் பொது மாநாடு 2008-இல் பரிணாமம் பற்றிய அறிவியல் விளக்கம் இறையியலோடு முரண்படவில்லை என்று தீர்மானித்தது. அது சபையின் குரல், ஒவ்வொரு உறுப்பினரின் மனச்சாட்சியையும் கட்டுவது கிடையாது. அமெரிக்கத் தென்மாநிலப் பிரெஸ்பிட்டேரியன் சபை 1886-இல் ஆதாமின் உடல் நேரடியாக உருவாக்கப்பட்டது என்று அறிவித்து, பரிணாமத்துக்கு இடம் கொடுத்த பேராசிரியர் ஜேம்ஸ் உட்ரோவைப் பதவியிலிருந்து நீக்கியது. அதே சபை 1969-இல் நிலையை மாற்றிக்கொண்டது. மிசூரி சினாட் லுத்தரனின் 1932 அறிக்கை இன்னும் மாறவில்லை. அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை 2010-இல் திருத்திய அறிக்கையில் பூமியின் வயது பற்றிப் பக்தியுள்ள விசுவாசிகள் வேறுபடுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. ஆகவே பெயர்ப்பலகையை வைத்து முடிவு செய்யாமல், தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் போதகரிடமோ குருவானவரிடமோ நேரில் கேட்பதாக இருந்தால், பரிணாமத்தை நம்புகிறீர்களா என்று கேட்காதீர்கள். அதற்கு எந்தப் பக்கமும் தயார் பதில் இருக்கிறது. ஆதாமுக்கு முன் மரணம் இருந்ததா, எல்லாரும் ஒரே இணையின் பிள்ளைகளா என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.